தட்டிவிட்டு நுழைவது

ஒன்பதாம் நாள்தான் சாலையைத் திறந்தார்கள்.
என் வீட்டுக் கதவை நானே தட்டினேன்,
துடைப்பக் கட்டையால், மூன்று முறை.
உள்ளே யார் குடியேறியிருக்கிறார்களோ.

பாயூவின் தண்ணீர் கூடம்வரை ஏறி
இறங்கிப் போயிருந்தது.
சுவரில் இடுப்பளவுக்கு ஒரு கோடு.
கோட்டுக்குக் கீழே எதுவும் என்னுடையதாக இல்லை.

அல்சீட் படகிலிருந்தே கத்தினான்:
"பூட்ஸை உதறிவிட்டுப் போடு, ஓசீட்!
கண் போகாத இடத்தில் கையை விடாதே!"
நாற்பது வருஷம் இறால் வலை இழுத்தவன்,
இடக்கையில் இரண்டு விரல் இல்லை.
பாம்பு தின்றதல்ல, படகின் வின்ச் தின்றது.
ஆனாலும் கேட்டுக்கொண்டேன்.

அலமாரி. தட்டு.
மெத்தை. தட்டு, புரட்டு, பின்வாங்கு.
அடுப்புக்குக் கீழே வாணலி வைக்கும் இழுப்பறையைக்
கட்டையால் கொக்கிபோட்டு இழுத்தபோது
உள்ளே ஒரு வாய் திறந்தது.
பஞ்சு மாதிரி வெள்ளை.
அதைச் சுற்றித்தான் கறுப்பாகப் பாம்பு.

உதைத்து மூடினேன்.
ரெனெலின் கருவிப்பெட்டியை அதன்முன் நகர்த்தினேன்.
அவன் இருந்தபோது என்னால் அசைக்கவே முடியாத பெட்டி.
பிறகுதான் உட்கார்ந்து நடுங்கினேன்.

கொல்லையில் தண்ணீர் வடியவில்லை.
அதன்மேல் செம்பழுப்பாய் ஒரு பாய் மிதந்து வந்தது.
நெருப்பெறும்பு.
ஒன்றின் காலை ஒன்று கவ்விக்கொண்டு,
ராணியும் குஞ்சுகளும் நனையாமல் நடுவில்,
ஒரு ஊரே கரை தேடிக்கொண்டிருந்தது.

எங்கள் ஊர் அப்படிப் போகவில்லை.
ஆளுக்கொரு பக்கம் போனோம்.
டார்டார் குடும்பம் ஹூஸ்டனுக்கு,
என் தங்கை ஏதோ ஒரு விளையாட்டரங்கத்தில்,
கட்டில் எண் இருநூற்றுப் பன்னிரண்டு.

வாளியில் சோப்புத் தண்ணீர் கலக்கி வைத்திருந்தேன்.
ஊற்றினால் பிடி விட்டு மூழ்கும்.
கை நின்றது.
நின்ற நேரத்தில் கட்டையின் நுனி
பாயைத் தொட்டுவிட்டது போலிருக்கிறது.
கரை என்று நினைத்திருக்கும்.
ஏறின.
முழங்கை வரைக்கும் வந்த பிறகு
எல்லாம் ஒரே நேரத்தில் கடித்தன.

ஊற்றினேன்.

இரவு லாரிக்குள், கண்ணாடியை ஏற்றிவிட்டு.
அல்சீட் கொசுவுக்கென்று ஒரு வலை கொடுத்திருந்தான்.
அவன் வலைக் கண்ணில் கொசு ஊர்வலமே போகும்.
வெளியே அவை கண்ணாடியில் மோதும் சத்தம்,
சன்னமான மழை மாதிரி.
மழையை இனி எதற்கும் உவமை சொல்ல மாட்டேன்.
கையில் சீழ்க் கொப்புளங்களை எண்ணினேன்,
முப்பத்தொன்றில் தூங்கிப்போனேன்.

காலையில் பாம்பு பிடிக்க ஒருவன் வந்தான்,
நீளக் கிடுக்கி, மூடி போட்ட வாளி,
பத்தொன்பது வயது இருக்கும்.
பெட்டியை நகர்த்தி, இழுப்பறையைத் திறந்தான்.
வாணலி மட்டும், துருப்பிடித்து.
பின்பக்கம் பலகையே இல்லை என்பதை
இருபது வருஷம் அதில் சமைத்த நான்
அன்றுதான் பார்த்தேன்.
"போயிருக்கும், அம்மா," என்றான்.
எங்கே என்று சொல்லவில்லை.

இப்போது கிறிஸ்துமஸ்.
சுவரெல்லாம் புதுசு, கோடு இல்லை.
தங்கை வந்திருக்கிறாள், சிரிக்கிறாள்,
என் படுக்கையறைக் கதவை
நான் தட்டிவிட்டு
கொஞ்சம் காத்திருப்பதைப் பார்த்து.