ஐந்து நிமிடம் பதினெட்டு நொடி

வென்ட்வொர்த்வில் பள்ளி மண்டபம்.
தகரக் கூரையில் மழை,
கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே தம்புரா.
நான் மேசையில் குனிந்து
நாற்பத்தெட்டாயிரம் என்று வைத்தேன்.

தொண்ணூற்றாறு வைத்திருக்கலாம்.
வட்டு நிரம்பிவிடும் என்பது ஒரு காரணம்.
வௌவாலுக்கு மட்டும் கேட்கும் உயரத்தில்
தயாமலருக்குச் சொல்ல ஒன்றுமில்லை
என்பது இன்னொன்று.
எப்படியும் வீடியோக்காரன் நாற்பத்தெட்டுத்தான் கேட்பான்.

ஒரு நொடியை அத்தனை துணுக்காய் நறுக்கி
ஒவ்வொன்றிலும் குரல் எவ்வளவு உயரம் என்று
எழுதிக்கொண்டே போனது பெட்டி.
சரியாக ஒரு மணி நேரம்.
காவலாளி வந்து விளக்கை அணைத்தார்.

ஞாயிறு காலை, இருவரும் என் கராஜில்.
சிடிக்கு நாற்பத்து நாலாயிரத்து நூறு வேண்டும்.
தூக்கக் கலக்கத்தில் கோப்பை மாற்றவில்லை நான்,
அதன் மேல் எழுதிய எண்ணை மட்டும் மாற்றியிருந்தேன்.
படி பழையது, முத்திரை புதியது.

ஐந்து கட்டையில் பாடியவள்
நாலுக்கும் நாலரைக்கும் நடுவே
எந்தச் சுருதிப் பெட்டியிலும் இல்லாத இடத்தில்
நின்று பாடினாள்.
"இதென்ன, தடிமன் பிடிச்ச கல்யாணி?" என்றாள்.
சிவகடாட்சம் தன் கைகளைப் பார்த்தார்.
"இவ்வளவு நிதானமா நான் எப்ப வாசிச்சனான்?"

அறுபத்தைந்து நிமிடம் பதினெட்டு நொடி என்றது திரை.
யாரும் வாழாத ஐந்து நிமிடத்தை
எங்கிருந்தோ கடன் வாங்கியிருந்தேன்.

அசடு வழிய, ஒழுங்காக மாற்றத் தொடங்கினேன்.
நூற்றறுபது இருந்த இடத்தில் நூற்று நாற்பத்தேழு என்றேன்.
அவர் விரல் மடக்கித் தொடையில் தட்டினார்.
"ஏழேழு நாற்பத்தொன்பது, மூன்று தரம்.
தீர்மானமெல்லோ இது!
மிச்சப் பதின்மூன்றை எங்க விட்டனீர்?"

விடவில்லை.
நூற்று நாற்பத்தேழில் ஒன்றே ஒன்று
பழைய புள்ளிமேல் வந்து விழும், சமம் போல.
மற்றதெல்லாம்
அக்கம்பக்கத்துப் புள்ளிகளைக் கேட்டுக் கேட்டுப்
புதிதாய்க் கணித்தவை.
அந்தக் கணங்களில் அவள் குரலை
எந்தக் கருவியும் அளந்ததில்லை.
வளைவு மட்டும் அதே வளைவு.

"அப்ப இது நான் பாடினதுதானோ?"
பதில் சொல்லுமுன் கல்யாணி ஐந்துக்குத் திரும்பியிருந்தது.
தயாமலர் தலையசைத்தாள், கமகத்துக்கு; எனக்கல்ல.
கூரை மழை மாத்திரம்
பிழையிலும் சரியிலும் ஒரேமாதிரிப் பெய்தது.

போகும்போது, சப்பாத்துக்குள் காலை நுழைத்தபடி
சிவகடாட்சம் குரலைத் தாழ்த்தினார்:
"அந்தப் பிழையானதை அழிச்சுப்போடாதையும்.
அதிலை எனக்குக் கை நோகேல்லை."