ஒட்டுசுட்டானில் இலையுதிர்காலம்

டொரண்டோவிலிருந்து பெட்டி வந்தது:
செம்மஞ்சள் தாள், பழுப்புத் தாள்,
ஐந்து விரல் விரித்த இலை அச்சு ஒன்று.
முதியோர் மன்றத்துச் சுவரில்
இலையுதிர்காலம் செய்யுங்கோ என்று ஒரு கடிதம்.

வெளியே ஐப்பசி.
வேலிக் கதியால்கூடத் துளிர்த்துக்கொண்டு நிற்கிறது.
"உதிர்றதுக்கு இஞ்ச எங்க நேரம்?" என்றாள் றெஜினா.
என்றாலும் கத்தரிக்கோலை முதலில் எடுத்தது அவள்தான்.

தவராசா
உழவியந்திரங்களுக்குக் காஸ்கெட் வெட்டியவர், நாற்பது வருசம்.
அவர் வெட்டிய இலை ஒவ்வொன்றிலும்
நாலு போல்ட் ஓட்டை இருந்தது.
ஏனென்று கேட்டால்,
"கை தானாப் போகுது."

எனக்கு விரல் நடுக்கம்.
நான் வெட்டியது பூசணி இலையாய் வந்தது.
அதையும் ஒட்டினோம்,
யன்னலுக்கு மேலே, கொஞ்சம் சரிவாய்.

இரவு முழுக்க மழை.
முத்தையன்கட்டுக் குளம் வான் பாய்ந்ததாம்.
காலையில் கதவைத் திறந்தால்
சுவர் வியர்த்து, பசை இளகி,
இலையெல்லாம் நிலத்தில்.

றெஜினா விளக்குமாற்றை எடுத்தாள்.
பிறகு அதை மூலையில் சாத்திவிட்டு
ஃபோனை எடுத்தாள்.
"இப்பிடியே படம் அனுப்புவம்.
அவை சொன்னபடிதானே நடந்திருக்கு."

தவராசா மட்டும் குந்தியிருந்து
தன்னுடைய இலைகளைப் பொறுக்குகிறார்.
ஆணி இருக்கா என்று கேட்கிறார்.
ஓட்டை ஏற்கெனவே இருக்குதாம்.