பதிலுக்கு ஓர் ஊதா

இரண்டு நாளாக வெட்டு இல்லை.
ரப்பர் மரங்கள் இடுப்பில் பிளாஸ்டிக் பாவாடை கட்டி
வரிசையாய் நிற்கின்றன,
பரேடுக்கு வந்தும் அதிகாரி வராத மாதிரி.
சிரட்டைகளில் பாலுக்குப் பதில் மழை.

காலை ஏழுக்குப் போன் முனகியது.
கிரேஸ்லின் அனுப்பிய படம்:
கறுத்த மரக்கோயில், கூரையில் பாசி,
முன்னால் தண்ணீரில் தண்டு ஊன்றி
ஊதாப் பூக்கள், ஆயிரமோ இரண்டாயிரமோ.
மழைக்கோட்டு போட்ட ஒரு கிழவர்,
அவர் சக்கர நாற்காலி,
அதைத் தள்ளுகிற கை மட்டும்.
வலது கை. வளையல் இல்லை.
வேலை நேரத்தில் கூடாதாம்.

பிறகு குரல்:
"இது ஓகாவா சார். கப்பல்ல தந்தி அடிச்சவரு.
வருசா வருசம் இந்தப் பூவைப் பாக்கணும் அவருக்கு.
சாமி கும்பிடல்ல, கேட்டியளா?
பூப்பாக்க மட்டும்தான் வந்தோம்.
பலகைப் பாலம் நேரே போகாது,
கோணிக் கோணித் திரும்பும். சக்கரம் ஏறல்ல.
கரையிலயே நின்னோம்.
இந்த மழைக்கு இங்க
பிளம் பழ மழைன்னு பேரு. அங்க?"

இங்கே இடவப்பாதி.
இந்த வருடம் ஆனி பிறந்த பிறகுதான் ஞாபகம் வந்து
பாக்கியையும் சேர்த்துக் கொட்டுகிறது.
பழத்தின் பேர்தான் வேண்டுமென்றால்
பலா விழுந்து வெடித்துக் கிடக்கிறது வாசலில்.
வெள்ளம் ஏறிய சுளை. இனிப்பில்லை.

பதிலுக்கு ஓர் ஊதா வேண்டும் எனக்கு.
குடையை எடுத்து இறங்கினேன்.

வாழைக்கூம்பு கிட்டத்தட்ட ஊதா, ஆனால் இல்லை.
கத்தரிப் பூ மழையில் முகம் கவிழ்த்திருந்தது.
ஏலாவைத் தாண்டினால் சாஸ்தா காவு.
சர்ச்சுக்குப் போகிறவனுக்கு அங்கே என்ன வேலை,
குளத்தில் குளித்திருக்கிறேன், அவ்வளவு பழக்கம்.
கால்வாயின் மேல் கமுகுத் தடி இரண்டு.
எங்கள் பாலம் நேராகத்தான் போகிறது.
வழுக்கியபோது நான்தான் கோணினேன்.

குளம் முழுக்க ஊதா.
படித்துறையையும் காணாமல் அடித்து
ஆகாயத்தாமரை பூத்திருந்தது.
ஒவ்வொரு பூவின் மேலிதழிலும் ஒரு மஞ்சள் கண்,
மயிலிடம் களவாடியது.

நூறுநாள் வேலைப் பெண்கள் பதினாறு பேர்
இடுப்பளவு வெள்ளத்தில் நின்று
அதைத்தான் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள்.
வருகைப் பதிவேட்டைச் சட்டைக்குள் திணித்திருந்த
தாணுலிங்கம் சொன்னார்:
"சனியன். இன்னைக்கு வாரினா
ஆடியில திரும்ப நெறைஞ்சிரும்.
என்ன வே, போட்டோவா? இதையா?"

கரையில் ஆள் உயரக் குவியல்.
உச்சியில் கிடந்தவை இன்னும் பூவாகவே இருந்தன,
சேதி போய்ச் சேராத வீடு மாதிரி.

குனிந்து பிடித்தேன் போனை.
தாணுலிங்கம் படாமல்,
குவியல் படாமல்,
காவின் ஓட்டுக்கூரை, பாசி,
முன்னால் ஊதா.
ஓரத்தில் ஒரு கை வந்துவிட்டது,
வேரைப் பற்றிய கை,
நனைந்த பச்சைக் கண்ணாடி வளையல் நான்கு.
வெட்டிவிடலாம், இரண்டு விரல் போதும்.
வெட்டவில்லை.

பத்து நிமிடத்தில் பதில்:
"அய்யோ, எவ்வளவு அழகு!
கல்யாணம் ஆகி பதினோரு வருசத்துல
ஒருநாள் என்னை இங்க கூட்டிட்டுப் போனியளா?
ஓகாவா சாருக்குக் காட்டினேன்.
கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுட்டுப் பாத்தாரு.
உங்க ஊரு கோயில்ல
பூவை நல்லா பராமரிக்காங்களேன்னு சொல்லுதாரு."

'ஆமா' என்று எழுதினேன்.
அழித்தேன்.
மறுபடி 'ஆமா'.
'தோட்டத்துல பதினாறு பேரு வேலை' என்று சேர்த்தேன்.
அதில் பொய்யில்லை.

வரும்போது தாணுலிங்கம் ஒரு செடியை வேரோடு நீட்டினார்,
சிரித்துக்கொண்டே, வீட்டுக்காரிக்கு என்று.
பாலெடுக்கும் வாளியில் போட்டு வைத்தேன்.
அந்திக்குள் பூ கூழாகிவிட்டது.
இலை மட்டும் நலமாக இருக்கிறது,
அதை யார் என்ன செய்ய முடியும்.

இரவு எட்டரை.
மூன்றரை மணி நேரம் முந்திய ஊர்.
அவளுக்கு நாளை பிறந்துவிட்டது.
"மழை விட்டுதா?" என்று கேட்டேன்,
அங்கே விட்டிருந்தால்
விடியற்காலம் இங்கே வெட்டு உண்டு
என்பதுபோல.