விதி நாலு

நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு வியாபாரிகளுக்கு
நான் காவல்.
சம்பளம் கிடையாது.
கடைப் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பச்சை நட்சத்திரம்,
மிளகு அளவு.

வில்லாபுரத்து மாடியில்
நைட்டி மடித்து, ஸ்டிக்கர் ஒட்டி,
பிள்ளைகள் தூங்கிய பிறகு
பத்தே முக்காலுக்கு உட்காருவேன்.
கருவாடு விற்கிற தூத்துக்குடிக்காரர்
டைரி விற்கிற சிவகாசிக்காரரைத்
திருடன் என்றிருப்பார். விதி இரண்டு.
சாதியை இழுத்திருப்பான் ஒருத்தன்.
விதி ஒன்று, யோசிக்கவே வேண்டாம்.
ஒரே படத்தை ஒன்பது தடவை போட்டிருப்பாள் ஒருத்தி,
பாவம், விற்காத கொலுசு.
விதி ஆறு.
கட்டைவிரல் பட்டால் போதும்,
கோலத்தில் தண்ணீர் ஊற்றின மாதிரி.

கிருஷ்ணாபுரம் காலனி சாந்தாராம்
குக்கர் கேஸ்கட் விற்கிறார்.
மூணு லிட்டர், அஞ்சு லிட்டர், எல்லாக் கம்பெனிக்கும்.
புதுசை அனுப்பினால்
வெந்து, கறுத்து, விரிசல் விட்ட பழசு
அதே கவரில் திரும்பி வருகிறதாம்.
'சரிபார்க்கப்பட்டது,
பணம் வாடிக்கையாளருக்கே'
என்று பதிலாம். பதினாலு தடவை.
பதினஞ்சாவது தடவை
மண்டல அதிகாரியின் பெயரை எழுதிவிட்டார்.
விதி நாலு:
தனிநபர் பெயர் கூடாது.

அழுத்தினேன்.
ஏழு நாள் வாய்ப்பூட்டு.

விடிவதற்குள் ரெண்டு கட்சி.
'அந்தம்மா கம்பெனி ஆளுப்பா,
நட்சத்திரத்தைச் சும்மாவா குடுப்பாய்ங்க?'
'சட்டம்னா எல்லாத்துக்கும் ஒண்ணுதான்.'
'எங்க நைட்டி மூணாம் பக்கத்துல கெடக்கு,
அவுக நைட்டி மட்டும் மொதப் பக்கத்துல மினுங்குது.'
இதையும் நீக்கலாமா என்று
விரல் கொஞ்ச நேரம் நின்றது.
எந்த விதியும் பொருந்தவில்லை.
உண்மையாகவும் இருக்கலாம்.
மேலே நிற்பது துணியாலா, நட்சத்திரத்தாலா,
எனக்கு யார் சொல்வார்?

தெற்குவாசல் கூரியர் ஆபீஸ்.
எனக்கு முன்னால் நின்றவர் அவர்.
திரும்பிப் பார்க்கவில்லை.
என் டேப் தீர்ந்து, கவர் வாயைப் பிளந்தபோது
முதுகைக் காட்டியபடியே கையை நீட்டித்
தன் டேப்பைக் கொடுத்தார்.
ஒட்டிவிட்டுக் கொடுத்தேன்.

மேம்பாலத்து இறக்கத்தில்தான் பேசினார்.
"ஒத்த விரல்ல மூணு மணி நேரம் அடிச்சேம்மா.
காப்பிகூட எடுத்து வைக்கல.
பதினாலு ஆர்டர் நம்பரும் அதுலதான் இருந்துச்சு.
எங்கிட்டுப் போயிருச்சு அது?"

எங்கும் போகவில்லை.
நீக்கியது எதுவுமே போவதில்லை.
என் திரையில் சாம்பல் நிறத்தில் கிடக்கிறது,
கருவாடும் கொலுசும் வசவும்.
செத்த புருஷன் பேரில் ஏறுகிற பணத்தைத்
தன் கணக்குக்கு மாற்றச் சொல்லி
பரமக்குடிக்காரி ஒருத்தி எழுதிய பதினோரு கடிதமும்.
'இது அதற்கான இடம் அல்ல' என்று
நான்தான் நீக்கினேன்.
வாசிக்க ஒரே ஒரு ஆள்.
யாருக்கும் காட்டக் கூடாது என்பது
எங்களுக்கு மட்டுமான விதி.
அதற்கு நம்பர்கூடக் கிடையாது.

வண்டியை ஓரங்கட்டினேன்.
"எழுதிக்கங்க."
கூரியர் ரசீதைத் திருப்பி
பெட்ரோல் டேங்கின் மேல் வைத்துக்கொண்டார்.
மூணாவது வரியில் கையைத் தூக்கினார்.
"நில்லுங்க. 'ரிட்டன்'னா அடிச்சிருக்கேன்?"
"ஆமா."
"சே. அதுக்காச்சும் தூக்கியிருக்கலாம்."
சிரிக்கலாமா என்று தெரியாமல்
அடுத்த நம்பரைப் படித்தேன்.
ஏழாவது நம்பரை ரெண்டு தரம் கேட்டார்.
வெயில் திரையை அழித்தது,
துப்பட்டாவால் மறைத்துப் படித்தேன்.

கடைசியில் அந்தப் பெயர்.
சொல்கிற நேரம் பார்த்து
திருமங்கலம் பஸ் ஒன்று
நீளமாய் ஹாரன் அடித்துக் கடந்தது.
"கேக்கல" என்றார்.

இன்னும் சத்தமாகச் சொன்னேன்.