வந்தாவ

களக்காட்டுச் சந்தையைத் தாண்டும்போது
முன்னால் போன வேனில்
ஏத்தன் தார் ஒன்று சரிந்து தொங்கி
பள்ளத்துக்குப் பள்ளம் ஆடிக்கொண்டிருந்தது.
விழுமா விழாதா என்று பார்த்ததில்
பள்ளிக்கூடத் திருப்பத்தைத் தவறவிட்டேன்.

பதினோரு வருடம் வகுப்பெடுத்தவள்.
இப்போது வட்டார வள மையத்தில்
ஆசிரியர் பயிற்றுநர்.
வேலை என்பது பின்னால் உட்கார்வது.
மூன்றாம் வகுப்பு நாற்காலியில்
முழங்கால் நாடியை இடிக்க
இன்னொருத்தி பாடம் நடத்துவதைப் பார்ப்பது.
ஸ்கூட்டர் நிற்கும் முன்பே
'பாக்க வந்திருக்காவ' என்று
சத்துணவுக்கூடத்திலிருந்து குரல் போய்விடும்.
நான் படியேறுவதற்குள்
சுவரில் புது சார்ட் இருக்கும்,
பசை காயாமல்.

எமில்டா டீச்சர் சாக்பீஸை
இரண்டு முறை கீழே போட்டாள்.
நான் பேனாவை மூடினேன்.
அப்புறம் போடவில்லை.

வாசிப்புச் சோதனை, ஒரு நிமிடம்.
கைபேசிச் செயலியில்
சொல்லுக்கு இரண்டு கட்டம்:
சரி என்றால் பச்சை, தவறென்றால் சிவப்பு.
மூன்றாவது கிடையாது.

முதலில் ஜெபின்.
"மாமாவும் அத்தையும் சந்தையிலிருந்து வந்தார்கள்.
வாழைப்பழம் வாங்கி வந்தார்கள்."
ழகரம் கோலிக்குண்டு மாதிரி உருண்டது.
அறுபத்தொரு சொல். மொத்தமும் பச்சை.
"யாரெல்லாம்டே வந்தாவ?" என்றேன்.
பக்கத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.
"டீச்சர், இது பாடத்துல கேள்வியில்லயே."

அடுத்து பேச்சித்தாய்.
விரல் முன்னால் போக
உதடு பின்னாலேயே நடந்து வந்தது.
"மாமாவும் அத்தயும்
சந்தயிலருந்து வந்தாவ."
சிவப்பு.
"வாளப்பளம் வாங்கிட்டு வந்தாவ."
சிவப்பு, சிவப்பு, சிவப்பு.
குரங்கு வரும் வரிக்கு வந்ததும்
வாசிக்காமல் சிரித்தாள்.
சிரித்து முடித்து
"பளத்தத் தூக்கிட்டு ஓடிட்டு" என்றாள்.
நேரம் முடிந்தது.
பதினான்கு சொல்; 'கூடுதல் ஆதரவு தேவை.'
அவள் போகவில்லை.
"அது என்ன பளம் டீச்சர்?
ஏத்தனா, கதலியா? போடலயே."

அப்போதுதான் உறைத்தது:
சற்று முன் நான் கேட்டதும் வந்தாவதான்.
எனக்குச் சிவப்பு போட
பின்னால் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை.

இடைவேளையில், தண்ணீர்த் தொட்டிப் பக்கம்,
எமில்டா முந்திக்கொண்டாள்:
"வீட்டுப் பேச்ச விட மாட்டேங்கா டீச்சர்,
எத்தன வாட்டி திருத்தியாச்சு."
பயிற்சிக் கையேட்டு வாக்கியங்கள்
வரிசை கட்டி நின்றன என் நாக்கில்.
அவற்றை விழுங்கிவிட்டுச் சொன்னேன்,
"அவ வாசிச்சிட்டா டீச்சர்.
கண்ணால பாத்தத தன் வாயால சொல்லுதா.
ஜெபின்தான் இன்னும் வாசிக்கல."
குழாயை மூடினாள், நிதானமாக.
"அப்ப அவன் ஏன் பச்சையில இருக்கான்?"

இதற்குப் பதில் என் பையில் இல்லை,
தலைமை அலுவலகத்திலும் இருக்குமா தெரியாது.
அன்றிரவு குறிப்புக் கட்டத்தில்
நாற்பது எழுத்துதான் இடம் தந்தார்கள்.
'பழத்தின் பெயரைக் கேட்டாள்' என்று போட்டு
அனுப்பிவிட்டேன். யார் படிப்பார்களோ.
சிவப்பை மாற்றவில்லை.
மாற்றலாமா என்று நெடுநேரம்
கட்டைவிரல் அதன்மேல் நின்றது, அவ்வளவுதான்.

அடுத்த மாதம் போனபோது
சுவரில் அதே பழைய சார்ட்,
ஒரு மூலை கிழிந்து.
எமில்டா கதையைப் பாதியில் நிறுத்திவிட்டு
"குரங்கு இப்ப எங்கடே இருக்கும்?" என்றாள்.
பேச்சித்தாய் கை தூக்கினாள்.
அந்தக் கையை மெல்ல அமர்த்திவிட்டு
ஜெபினைப் பார்த்தாள்.

அவன் புத்தகத்தைப் பார்த்தான். அதில் இல்லை.
ஜன்னலைப் பார்த்தான்.
வெளியே வேப்பமரம், அதற்கப்பால் வாழைத்தோட்டம்,
அதற்கும் அப்பால் மலை.
அவன் தேடிக்கொண்டிருந்தான்.
அவள் அவசரப்படுத்தவில்லை.
நான் மூச்சுவிடும் சத்தம்கூட
கேட்டுவிடக் கூடாதென்று
அந்தச் சின்ன நாற்காலியில்
இன்னும் கொஞ்சம் சின்னவளானேன்.