மணிக்கட்டில் கை இருக்கட்டும்

விடியும்வரை மின்சாரம் கிடையாது.
என்டோலாவில் இந்த வாரம் எங்கள் பகுதியின் முறை.
இருப்பது ஒரு மெழுகுவர்த்தி, அதுவும் பாதி.
நமுகோலோ புத்தகத்தைச் சாய்த்துப் பிடித்துக் கேட்கிறாள்,
நான் விடுதிக் கட்டிலில் கால் தொங்கப்போட்டுச் சொல்கிறேன்.

கை கழுவ எத்தனை நொடி?
நாற்பதிலிருந்து அறுபது.
குழாயில் தண்ணீர் வராத நாளில்?
அது பாடத்தில் இல்லை. சிரிக்காதே, அடுத்தது கேள்.

படுத்தே கிடப்பவருக்கு எங்கெல்லாம் புண் வரும்?
பின்மண்டை, தோள்பட்டை, முழங்கை,
இடுப்பு, குதிகால்.
ஒன்றை விட்டுவிட்டாய்.
வால் எலும்பு.
எப்போதும் அதைத்தான் விடுகிறேன்,
இவ்வளவு நேரம் உட்கார்ந்திருப்பதே அதன்மேல்தான்.

பயிற்சிக்கூடத்தில் ஒரு ரப்பர் மனிதர் இருக்கிறார்.
இடது கை இல்லை.
எங்களுக்கு முன்னால் படித்த யாரோ
மிஸ்டர் சியாமே என்று பெயர் வைத்துவிட்டார்கள்,
நாங்களும் வணக்கம் சொல்லிவிட்டுத்தான் போர்வையை விலக்குவோம்.
குளிப்பாட்டும்போது முதலில் கண்.
சோப்பு கூடாது.
மூக்கோரத்திலிருந்து காதோரத்துக்கு ஒரே இழுப்பு.
இந்தக் கண்ணுக்குத் துணியின் ஒரு முனை,
அந்தக் கண்ணுக்கு வேறு முனை.
இந்த ஒரு விதிக்காகவே
இந்தப் படிப்பு எனக்குப் பிடித்துப்போனது:
யாரென்றே தெரியாத ஒருவரின்
இரண்டு கண்களுக்கு நடுவில்
யாரோ இவ்வளவு யோசித்திருக்கிறார்கள்.

நமுகோலோவிடம் அனுமதிச் சீட்டு இல்லை.
இரண்டாம் தவணை கட்டவில்லை.
மொங்குவிலிருந்து பணம் வந்துவிடும் என்று
கணக்கு அலுவலகத்தின் கண்ணாடிச் சந்தில்
மூன்று நாள் குனிந்து குனிந்து சொன்னாள்.
இன்று போகவில்லை.
நான் எதுவும் கேட்கவில்லை.
"உனக்கு நாடி சரியாக வராது, இந்தா,"
என்று கையை நீட்டினாள்.

கட்டைவிரலை வைக்கக் கூடாது.
அதற்குச் சொந்தத் துடிப்பு உண்டு,
அவளுடையது என்று என்னுடையதை எண்ணிவிடுவேன்.
மூன்று விரல், எலும்போரம், மெல்ல.
எண்பத்து நான்கு. தடுமாற்றம் இல்லை.

அதற்குப் பிறகு ஒரு விதி இருக்கிறது:
எண்ணி முடித்ததும் கையை எடுத்துவிடாதே.
இன்னும் நாடிதான் பார்க்கிறாய் என்று
அவர் நினைத்துக்கொண்டிருக்கட்டும்.
நீ மார்பைப் பார்.
எண்ணுகிறார்கள் என்று தெரிந்துவிட்டால்
மூச்சு நடிக்கத் தொடங்கிவிடும்.

பார்த்தேன்.
இருபத்தாறு.
இருபதோடு நிற்க வேண்டும்.
அவள் வெளிச்சத்துக்கு முதுகு காட்டியிருந்தாள்,
முகம் தெரியவில்லை.
"எத்தனை?"
"நாடி எண்பத்து நான்கு."
"சரி," என்றாள். "சிறுநீர் அளவுக் குறிப்பேடு.
அதில் என்னென்ன எழுத வேண்டும்?"

மறுநாள் ஒன்பதாம் கேள்வி, மூன்று மதிப்பெண்:
மூச்சை எண்ணப்போவதை நோயாளியிடம்
முன்கூட்டியே ஏன் சொல்வதில்லை?
பக்கத்து மேசையில்
அவள் எண் ஒட்டிய வெள்ளைத் துண்டு மட்டும்.
ஜன்னல் காற்றில் அதன் ஒரு மூலை எழுந்து எழுந்து படுத்தது.
தெரிந்தால் எண்ணிக்கை மாறிவிடும், என்று எழுதினேன்.
அது ஒரு மதிப்பெண்ணுக்குத்தான் வரும்.
மீதி இரண்டுக்கு எனக்குத் தெரிந்தது ஒன்று இருந்தது,
அதை விடைத்தாளில் எழுத முடியாது.

அறைக்கு வந்தபோது அவள் பெட்டி இல்லை.
விரிப்பில் ஒரு சுருக்கம் இல்லை,
நான்கு மூலையும் நாற்பத்தைந்து பாகை மடிப்பு,
தலையணை உறையின் வாய்
கதவுக்கு எதிர்ப்பக்கம் பார்த்து.
திருமதி சிகாஸ்வே வந்து குனிந்து பார்த்திருந்தாலும்
குறை கண்டிருக்க மாட்டார்.
புத்தகத்தை எனக்கு விட்டுப் போயிருந்தாள்,
இன்னும் கேட்காத பக்கத்தில் காதை மடித்து.

என் கட்டிலில் உட்கார்ந்தேன்.
என் மணிக்கட்டை நானே பிடித்தேன், கட்டைவிரல் படாமல்.
நாடி கிடைத்தது.
மூச்சைத்தான் எண்ண முடியவில்லை.
நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று
அதற்குத் தெரிந்திருந்தது.