தேறாத ஆண்டுகளின் தேறல்

அழைப்பில் எழுதியிருந்தேன்:
நல்ல சமையலோடு வராதீர்கள்.
எப்போதோ நீங்கள் கெடுத்த ஒன்றை
அதே மாதிரி கெடுத்து எடுத்து வாருங்கள்.
ஒயின் என் பொறுப்பு,
விளைச்சல் தேறாத ஆண்டுகளில் பிழிந்தது மட்டும்.

துப்புங்காத்தோவில் ஏப்ரல்.
கொடிகள் துரு நிறத்தில் நிற்கின்றன.
நாற்காலி ஆறு, ஆள் ஏழு.
வாளியைக் கவிழ்த்து நான் உட்கார்ந்தேன்.

முதலில் டெல்ஃபினாவின் ஹுமித்தா,
அரைத்த சோளத்தை அதன் மடலிலேயே கட்டி வேகவைத்தது.
மாமியார் முதன்முதலாக வந்த நாளில்
சர்க்கரை என்று உப்பை அள்ளிப் போட்டாளாம்.
இன்று தெரிந்தே போட்டிருந்தாள்.
அதற்கு நான் ஊற்றிய செமியோன்
மழை விடாமல் பெய்து பழம் நீர்த்த வருஷத்தது.
சொல்ல ஒன்றுமில்லாத ஒயின்.
கரித்த வாய்க்கு அதுவே போதுமாயிருந்தது.

அன்செல்மோவின் எம்பனாடா பன்னிரண்டும் கரி.
அன்று வக்கீலோடு தொலைபேசியில் இருந்தான்,
வீடு யாருக்கு, நாய் யாருக்கு என்று.
"இன்று கடிகாரம் பார்த்துக் கருக்கினேன்" என்றான்.
மலைச்சரிவு எரிந்து புகையேறிய பொனார்தாவைத் திறந்தேன்.
கரியும் புகையும் ஒன்றையொன்று கண்டுகொண்டன,
தூரதேசப் பேருந்தில் ஒரே ஊர்க்காரர் இருவர் போல.
இரண்டாம் மிடறில் யாரும் சிரிக்கவில்லை.
தட்டில் மிஞ்சியதற்குப் போட்டி.

நேலிதாவின் ஃபிளான் உறையவில்லை.
அதற்கென்று வைத்திருந்த புட்டி வினிகராகியிருந்தது.
இரண்டையும் தொட்டியில் ஊற்றிவிட்டு
அதைப் பற்றிப் பேசாமல் வந்து உட்கார்ந்தோம்.

எவரிஸ்தோ சமைத்து வரவில்லை.
கடை ரொட்டி, காகிதத்தில் சுற்றிய சீமைமாதுளைப் பாகு.
"நான் கெடுத்தது சமையலறையில் இல்லை" என்றார்.
பயிர்க் காப்பீட்டு ஆபீஸில் முப்பது வருஷம்.

பெயர்ச்சீட்டு ஒட்டாத புட்டியை எடுத்தேன்.
இங்கே ஆலங்கட்டியைக் கல் என்பார்கள்.
கல் விழுந்த வருஷம் அது.
பதினோரு நிமிடம் விழுந்தது.
மறுநாள் என் வரிசைகளுக்குள் நடந்து
ஒரு குலையைத் தூக்கிப் பார்த்து
முப்பது சதவீதம் என்று எழுதியவர் இவர்தான்.
நான் எண்ணியது எண்பது.
தேறியது இருநூற்றுப் பன்னிரண்டு புட்டி.

குடித்தார். நாக்கில் வைத்து நெடுநேரம்.
குவளையை மேசையில் வைத்து,
"எண்பது இல்லை" என்றார்.
"அறுபது எழுதியிருக்கலாம்."

மீண்டும் ஊற்றப்போன என் கை
எவ்வளவு நிரப்புவது என்று தெரியாமல் நின்றது.

அப்போது தகரக் கூரையில்
டக்.
டக், டக்.
ஏழு குவளையும் அந்தரத்தில்.
அன்செல்மோவின் கை தன் காரின் சாவியைத் தேடியது.
முதலில் எழுந்து ஓடியவர் எவரிஸ்தோ.
கதவு திறந்ததும்
குளிரும், வானம் கொள்ளாத நட்சத்திரங்களும்.

உள்ளே வந்தபோது சட்டை மடிப்பு நிறைய அக்ரூட்.
மரம் என்னுடையது. மறந்திருந்தேன்.
ஒவ்வொன்றாகக் கதவிடுக்கில் வைத்து உடைத்தார்,
பருப்பை ஒரு கணக்கும் பார்க்காமல் பங்கிட்டார்.
பச்சைத் தோலின் கசப்பு அந்த ஒயினைப் போய் முட்டியது.

"பொருத்தம் சரியில்லை" என்றாள் டெல்ஃபினா,
இன்னும் நான்கு உடைக்கச் சொல்லி
கையை நீட்டியபடி.